வீர நாய்க்கு நினைவுச்சின்னம்: வெண்கலச் சிலையா, கருங்கல்லா, பெயர்ச் சுவரா?

மோப்ப நாய்ப் பிரிவோ, மீட்புக் குழுவோ, ஓர் ஊரோ, உயிரைப் பொருட்படுத்தாமல் மனிதரைக் காத்த நாய்க்கு நினைவுச்சின்னம் எழுப்பக் கூடிப் பேசினால் பேச்சு நேரே சிலைக்குப் போய்விடுகிறது. எந்தச் சிற்பி, எத்தனை அடி, யார் திறந்துவைப்பது என்பதோடு கூட்டம் கலைந்துவிடும். முதலில் பேசவேண்டியவை வேறு. நினைவுகூரப்போவது ஒரு நாயையா, பல நாய்களையா? வருகிறவர்கள் அதைத் தொடலாமா? பத்தாவது ஆண்டில் அதைக் கழுவித் துடைக்கப்போவது யார்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதி வைத்துக்கொண்டால், வெண்கலச் சிலை, கருங்கல் புடைப்புச் சிற்பம், பெயர்ச் சுவர், நீர்த்தொட்டியோ பூங்காவோ போன்ற பயன்பாட்டு நினைவிடம் என்னும் நான்கில் எது உங்களுக்கானது என்பது தெரிந்துவிடும்.

எங்கள் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறோம். பராமரிப்புக்கென்று தனி ஆளும் தனி நிதியும் இல்லாத எந்தக் குழுவுக்கும் நாங்கள் பரிந்துரைப்பது, நாயின் உருவத்தைப் புடைப்பாகச் செதுக்கி, அதன் பெயரையும் செயலையும் ஆழமாக வெட்டிய ஒற்றைக் கருங்கல். வெண்கலம் அதைவிடச் சிறந்து நிற்கும் இடங்கள் உண்டு. ஆனால் அதற்கான நிபந்தனைகள் கடுமையானவை.

ஒரு நாயா, பல நாய்களா

1925-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. நெனானாவிலிருந்து நோம் வரை சுமார் 1,085 கி.மீ. தூரத்தை, ஏறத்தாழ 20 ஓட்டுநர்களும் 150 நாய்களும் மாறி மாறிப் பனிச்சறுக்கு வண்டி இழுத்து ஐந்தரை நாளில் கடந்து மருந்தைச் சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் வந்த அணியின் பால்டோ புகழ்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஃபிரெடரிக் ராத் செய்த பால்டோவின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. ஆனால் மிக நீண்டதும் மிக ஆபத்தானதுமான கட்டத்தில் அணிக்குத் தலைமை தாங்கி ஓடியது டோகோ. அதன் ஓட்டுநர் லியன்ஹார்ட் செப்பாலா, புகழ் முழுதும் பால்டோவுக்கே போனதை எண்ணி வருந்தினார். நியூயார்க்கின் சீவர்ட் பூங்காவில் டோகோவுக்குச் சிலை வந்தது 2001-இல்தான். பால்டோ சிலையின் கீழுள்ள வாசகம் மருந்து சுமந்த எல்லா நாய்களையும்தான் போற்றுகிறது. ஆனால் பார்க்கிறவர் கண்ணில் படுவது ஒரு நாய். மனத்தில் நிற்பதும் ஒரு நாய்தான்.

செயல் ஒரு குழுவினுடையது என்றால் ஒற்றைச் சிலை மற்ற நாய்களுக்கு அநீதி செய்துவிடும். இதற்கு நல்ல தீர்வு குவாம் தீவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அங்கே இறந்த 25 போர் நாய்களுக்காகச் சூசன் பஹாரி செய்த டாபர்மன் இன நாயின் சிலை 1994-இல் நிறுவப்பட்டது. மேலே அமர்ந்திருப்பது ஒரே நாய். பீடத்தில் இருப்பவை 25 பெயர்கள். கண்ணுக்கு ஓர் உருவம், படிக்க எல்லாப் பெயரும் என்ற இந்த அமைப்பைக் கல்லிலும் செய்யலாம், வெண்கலத்திலும் செய்யலாம். ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் இருந்தால் வேறு யோசனைக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்.

நாயைக் கையாண்டவரின் உருவத்தையும் சேர்ப்பதா என்ற கேள்வி எப்போதும் எழும். அமெரிக்காவில் லாக்லாண்ட் விமானப்படைத் தளத்தில் படை நாய் அணிகளுக்காக 2013-இல் திறந்த தேசிய நினைவுச்சின்னத்தில் வீரருடன் நான்கு இன நாய்கள் நிற்கின்றன. அத்தனை பெரிய இடத்துக்கு அது பொருந்தும். சிறிய இடத்தில் மனித உருவம் வந்துவிட்டால் நாய் அவர் காலடியில் ஒதுங்கிவிடுகிறது. கையாண்டவரின் பெயரைக் கல்வெட்டில் போடுங்கள், உருவத்தை நாய்க்கே விடுங்கள்.

வெண்கலம்

வெண்கலத்தின் பலம் இதுதான்: மெல்லிய கால், நிமிர்ந்த காது, திரும்பிய கழுத்து எதையும் அது தாங்கும். கல்லில் முடியாத நிலைகள் இதில் முடியும். அச்சைப் பாதுகாத்தால் இன்னொரு பிரதியும் வார்க்கலாம். குவாம் சிலையின் பிரதிகள் வேறு இடங்களிலும் நிற்கின்றன. முறையாகப் பேணினால் நூறாண்டு பெரிய விஷயமல்ல.

வேலை நடக்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால் எங்கே தவறு நேரும் என்பதும் புரியும். சிற்பி முதலில் சிறு மாதிரி செய்வார். பிறகு இரும்புச் சட்டத்தின் மேல் முழு அளவில் களிமண் உருவம். அதன் மேல் சிலிக்கோன் ரப்பர் அச்சு. அச்சுக்குள் 5 மி.மீ. கனத்துக்கு மெழுகு. மெழுகின் மேல் அடுக்கடுக்காகப் பீங்கான் ஓடு. ஓட்டைச் சூடாக்கி மெழுகை வெளியேற்றி, 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஓட்டை உடைத்து, துண்டுகளைப் பற்றவைத்து, இணைப்புகளைச் செதுக்கி மறைத்து, கடைசியில் வேதிப்பொருளும் வெப்பமும் கொடுத்துப் பாட்டினா என்னும் மேல்நிறத்தை உண்டாக்கி மெழுகு பூசுவார்கள். மெழுகும் உலோகமும் ஆறும்போது சுருங்குவதால் சிலை களிமண் உருவத்தைவிடச் சுமார் 2 முதல் 3 விழுக்காடு சிறுத்துவிடும். ஒரு நாய் அளவுச் சிலைக்குக்கூட எட்டு மாதம், ஓராண்டு என்று கணக்கு வையுங்கள். செலவில் பெரும்பங்கு அச்சுக்கும் கைவேலைக்கும் போகிறது. ஆகவே உலோகத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண்.

திருத்தம் சொல்ல ஒரே ஒரு நேரம்தான் உண்டு: களிமண் கட்டம். அந்த நாளில் நாயைக் கையாண்டவர் கட்டாயம் பட்டறையில் இருக்க வேண்டும். காது எந்தக் கோணத்தில் நிற்கும், வேலையின்போது வால் எப்படி இருக்கும், சேணப்பட்டையின் கொக்கி எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். சிற்பிக்குக் கொடுக்கும் படங்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும். அதைப் பார்த்துச் செய்த சிலையும் அப்படியே வரும். கேமராவை நாயின் தோள் உயரத்துக்கு இறக்கி, நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, சுற்றிலும் எட்டுக் கோணங்களில் எடுத்த படங்கள் வேண்டும். நாய் உயிரோடு இருக்கும்போதே தோள் உயரம், மார்பிலிருந்து பிட்டம் வரை நீளம், தலை நீளம், முகவாய்ச் சுற்றளவு, காது நீளம், முன்கால் மணிக்கட்டின் சுற்றளவு ஆகியவற்றை அளந்து குறித்து வைப்பது நல்லது. ஓய்வு பெறும் ஒவ்வொரு பணி நாய்க்கும் இந்த அளவுகளை எடுத்துக் கோப்பில் வைக்கும் வழக்கம் எல்லாப் பிரிவுகளிலும் வர வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

அளவு குறித்து ஒன்று. திறந்த வெளியில் அசல் அளவுச் சிலை சிறியதாகத் தெரியும். வானமும் மரங்களும் அதை விழுங்கிவிடும். 1.2 மடங்கு பெரிதாகச் செய்தால்தான் நாய் தன் உண்மையான அளவில் இருப்பதுபோல் கண்ணுக்குப் படும். 30 கிலோ எடையுள்ள நாயை அந்த அளவில் 5 மி.மீ. கனத்தில் உள்ளே வெற்றிடம் விட்டு, அதாவது உள்கூடாக வார்த்தால் சிலை 60 முதல் 80 கிலோ இருக்கும். அதையே வெற்றிடமில்லாமல் முழுக்க உலோகமாக வார்த்தால் 450 கிலோ. தடித்த பகுதிகள் ஆறும்போது உள்ளே விரிசலும் விழும். ஆகவே உள்கூடு வார்ப்பே சரி. ஆனால் 60 கிலோ என்பது இரண்டு பேர் தூக்கிப் போய்விடக்கூடிய எடை. வெண்கலத்துக்குப் பழைய உலோகச் சந்தையில் எப்போதும் விலை உண்டு. நான்கு பாதத்திலிருந்தும் 16 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி இறங்கி, பீடத்துக்குள் குறைந்தது 20 செ.மீ. ஆழத்தில் எபாக்ஸிப் பசையால் பிடிக்க வேண்டும். சாதா இரும்புக் கம்பி கூடவே கூடாது. ஈரத்தில் வெண்கலத்தோடு சேரும் இரும்பு வேகமாக அரிக்கும். பழுப்புக் கறை பீடத்தில் வடியும். சில ஆண்டுகளில் கம்பியே அறுந்துவிடும்.

உள்கூட்டில் நீர் சேரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இணைப்பில் கசியும் மழையும், இரவுக் குளிரில் உள்ளே வியர்க்கும் நீரும் வெளியேற, வயிற்றின் தாழ்ந்த இடத்திலும் பாதங்களின் பின்பக்கத்திலும் 8 முதல் 10 மி.மீ. துளைகள் வேண்டும். உறைபனி விழும் நாடுகளில் துளை இல்லாத சிலையின் கால் வெடித்துப் பிளக்கும்.

வாயை மூடியபடி செய்யச் சொல்லுங்கள். திறந்த வாயில் மழைநீர் நிற்கும், குப்பை சேரும், குளவி கூடு கட்டும், குழந்தையின் விரல் மாட்டும். 8 முதல் 25 மி.மீ. வரையான இடுக்குகள் விரலுக்கும், 9 முதல் 23 செ.மீ. வரையான இடைவெளிகள் தலைக்கும் ஆபத்து என்பது விளையாட்டுத் திடல்களின் பாதுகாப்புக் கணக்கு. நிற்கும் நாயின் கால்களுக்கு இடையே அப்படிப்பட்ட இடைவெளி எளிதாக வந்துவிடும். உட்கார்ந்த நாயோ படுத்த நாயோ பாதுகாப்பானது, உறுதியானது. கண்மணியை 5 மி.மீ. ஆழம் குடைந்தால் நிழல் விழுந்து பார்வை வரும். வழுவழுப்பாக விட்டால் குருட்டுச் சிலை போலிருக்கும்.

இனி, தொடுதல். நாய்ச் சிலையை மக்கள் தொடாமல் இருக்க மாட்டார்கள். பால்டோவின் காதும் முதுகும் குழந்தைகள் ஏறி ஏறிப் பளபளக்கின்றன. எசமானின் கல்லறையைக் காத்ததாகச் சொல்லப்படும் கிரேஃபிரையர்ஸ் பாபி என்னும் நாய்க்கு எடின்பரோவில் 1873-இல் நிறுவிய சிலை ஒரு தூண் மேல் இருக்கிறது. அதன் மூக்கையும் சுற்றுலாப் பயணிகள் எட்டித் தேய்த்துவிட்டார்கள். 2013-இல் மூக்கை மறுபடி கருமையாக்கினார்கள். விரைவிலேயே மீண்டும் வெளுத்துவிட்டது. எங்கள் கருத்தில் தலையைத் தடவ இடம் கொடுப்பதே சரி, ஒரு நாய்க்கு அதைவிட நல்ல மரியாதை இல்லை. அப்படியானால் முன்கூட்டியே மூக்கிலும் காதுமடலிலும் உலோகத்தை 8 மி.மீ. கனத்துக்கு வைக்கச் சொல்லி, பீடத்தை 45 செ.மீ. உயரத்தோடு நிறுத்துங்கள். தொடக் கூடாது என்றால் பீடம் 150 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சுற்றிலும் செடி வைத்து ஆளைத் தள்ளி நிறுத்த வேண்டும். நடுத்தரமாக 90 செ.மீ. வைப்பதில் இரண்டு பயனும் கிடைக்காது.

பராமரிப்பு ஆண்டுக்கு ஒருமுறை, கடலோரத்தில் இரண்டு மூன்று முறை. மென்மையான சோப்பு நீர், மிருதுவான தூரிகை, நன்றாக உலர்த்தல், பிறகு வெயிலேறிய உலோகத்தில் மெல்லியதாக இரண்டு பூச்சு மெழுகு, துணியால் மெருகு. அரை நாள் வேலைதான். அதைச் செய்யாத இடத்தில் பறவை எச்சம் நிறத்தை அரித்துத் தின்கிறது, மழை பச்சைக் கோடுகளைப் பீடத்தில் இறக்குகிறது. வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகப் பூத்தால் அது உப்பால் வந்த அரிப்பு. மெழுகால் மூடாமல் உலோகப் பாதுகாப்பு அறிந்தவரை அழைக்க வேண்டும்.

வெண்கலத்துக்கு வேறோர் எதிரியும் உண்டு. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் 1934-இல் வைத்த, இறந்த எசமானுக்காகக் காத்திருந்த ஹச்சிகோ என்னும் நாயின் சிலையைப் போர்க்காலத்தில் உலோகத் தேவைக்காக உருக்கிவிட்டார்கள். இன்று நிற்பது முதல் சிற்பியின் மகன் தகேஷி ஆண்டோ 1948-இல் செய்தது. கல்லை யாரும் உருக்குவதில்லை.

கருங்கல்

நாய்க்குக் கல் நடுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டில், எருமை மந்தையைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுத்தது. அவன் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதை ஒரு வரி சொல்கிறது. கர்நாடகத்தின் ஆத்தகூரில் 10-ஆம் நூற்றாண்டு நடுவில் எழுந்த கல்லில், காட்டுப் பன்றியோடு மோதி இறந்த காளி என்னும் நாயின் சண்டையே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. அக்கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் நாயின் பெயரைப் படிக்க முடிகிறது. எந்தப் பொருளுக்கும் இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

முழு உருவமாக நிற்கும் நாயைக் கருங்கல்லில் செய்யச் சொல்லாதீர்கள். அழுத்தத்தைக் கருங்கல் நன்றாகத் தாங்கும், வளைவையும் இழுப்பையும் தாங்காது. நான்கு மெல்லிய கால் மேல் கனத்த உடல் என்றால் கால் முறியும். வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே கல்லை விட்டுவைத்துச் செய்யலாம், ஆனால் நாய் தூண் மேல் படுத்தது போலாகிவிடும். புடைப்புச் சிற்பத்தில் இந்தச் சிக்கலே இல்லை. காலும் வாலும் பின்கல்லோடு ஒட்டியே இருக்கும். நாயைப் பக்கவாட்டில் காட்டுங்கள். முகவாய், காது, முதுகுக் கோடு, வால் ஆகிய எல்லாமே பக்கவாட்டில்தான் இனம் காட்டும். முகத்தை நேராகத் திருப்பினால் மூக்கு முன்னே நீட்டிக்கொண்டு முதலில் அதுதான் உடையும்.

அளவுக்கு ஒரு கணக்கு: 210 செ.மீ. உயரம், 90 செ.மீ. அகலம், 20 செ.மீ. கனம். இது ஏறக்குறைய ஒரு டன். இதில் 60 செ.மீ. மண்ணுக்குள், 150 செ.மீ. வெளியே. புடைப்பு 5 முதல் 6 செ.மீ.; பின்னே குறைந்தது 12 செ.மீ. கல் முழுதாக நிற்க வேண்டும். மேல்பாதியில் நாய், கீழ்ப்பாதியில் எழுத்து; ஆனால் தரையிலிருந்து முதல் 40 செ.மீ.யில் எதையும் வெட்டாதீர்கள். மழையில் தெறிக்கும் சேறு அங்கேதான் படியும்.

கல் தேர்ந்தெடுக்கும்போது சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணிபோல் கணீரென்றால் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு. கண்ணால் பார்க்க எளிய வழி, கல்லை முழுதும் நனைத்துவிட்டுக் காயவிடுவது. மற்ற இடம் உலர்ந்தபின்னும் ஒரு கோடு மட்டும் கருத்து நின்றால் அங்கே விரிசல் ஓடுகிறது. சிற்பத்தின் குறுக்கே அந்தக் கோடு வந்தால் கல்லை மாற்றுங்கள். எழுத்துக்கு மென்மையான பரப்பும் நாயின் பின்னணிக்குக் கரடான உளிப் பொளியும் இருந்தால் உருவம் எடுத்துக் காட்டும். முழுதும் பாலீஷ் செய்தால் எதிரொளியில் எதுவும் தெரியாது.

நிறுத்துவது சிற்பியின் வேலையல்ல என்று விட்டுவிடும் குழுக்கள் உண்டு. சாய்ந்த கற்களில் பல அப்படி வந்தவையே. 130 செ.மீ.க்கு 70 செ.மீ. அளவில் 75 செ.மீ. ஆழக் குழி, அடியில் 15 செ.மீ. கான்கிரீட். அது இறுகிய பிறகு கல்லை இறக்கி, தூக்குநூல் பார்த்து நேராக்கி, சுற்றிலும் கான்கிரீட் போட வேண்டும். குறைந்தது ஏழு நாள் முட்டுக்கொடுத்தே வையுங்கள். உறைபனி நாடுகளில் குழியின் அடி மண் உறையும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். கல்லைத் தூக்கச் செயின் பிளாக்கும் அகல நைலான் பட்டையும். இரும்புச் சங்கிலி கல்லின் விளிம்பைப் பெயர்த்துவிடும். தரை கல்லிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும், ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. போதும்.

புடைப்புச் சிற்பம் வெளிச்சத்தால் வாழ்வது. நேர்முன்னே விழும் வெயில் அதைத் தட்டையாக்கும், முழு நிழல் அதை மறைத்துவிடும். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் காலை அல்லது மாலை வெயிலில்தான் நாய் கல்லை விட்டு எழும். குழி வெட்டுமுன் அதே அளவில் ஒரு தெர்மோகோல் பலகையில் சிறிது புடைப்பு ஒட்டி, அந்த இடத்தில் நிறுத்தி, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்.

சிமெண்டும் ஃபைபரும்

விலை குறைவென்று இவற்றுக்குப் போகிறார்கள். வேண்டாம். சிமெண்டுச் சிலையின் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் மேலே உள்ள சிமெண்டைப் பிளந்து தள்ளும். மெல்லிய காலும் வாலும் முதலில் போகும். அதோடு இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை வண்ணம் பூச வேண்டியிருக்கும். ஒவ்வொரு பூச்சிலும் இமைக்கோடும் ரோமக்கோடும் மூடிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அது எந்த நாயும் இல்லாத நாயாகிவிடும். ஃபைபர் வெயிலில் வெளுத்து, மேல்பூச்சு மாவாக உதிர்ந்து, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். தற்காலிகக் கண்காட்சிக்கு இவை சரி.

பெயர்ச் சுவர்

ஆண்டுதோறும் பெயர் கூடிக்கொண்டே போகும் பிரிவுகளுக்கு இதுவே சிறந்தது. ஹாங்காங்கில் 1941-இல் கையெறிகுண்டைக் கவ்விக்கொண்டு வீரர்களை விட்டு விலகி ஓடி உயிர்விட்ட கேண்டர் என்னும் நியூஃபவுண்ட்லாந்து நாயின் பெயர், கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் உள்ள ஹாங்காங் வீரர்கள் நினைவுச் சுவரில் அதன் படைத்தோழர்களின் பெயர்களோடு சேர்ந்தே இருக்கிறது. தனிச் சிலையைவிட அது ஒருவகையில் பெரிய கௌரவம்.

சுவரிலேயே நேரடியாக வெட்டுவதைவிட, 30 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் 2 செ.மீ. கனமுள்ள கருங்கல் பலகையில் ஒவ்வொரு பெயராக வெட்டி, பின்பக்கம் இரண்டு 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகளால் பொருத்துவது நல்லது. நேரடியாக வெட்டிய சுவரில் ஓர் எழுத்துப் பிழை வந்தால் அந்தப் பரப்பு முழுவதையும் 4 மி.மீ. தேய்த்து எடுக்க வேண்டும், பலகை என்றால் கழற்றி மாற்றலாம். வெண்கலத் தகடு திருட்டுக்கு ஆளாகும். இன்று 30 பெயர் என்றால் 60-க்கு இடம் விடுங்கள். தரையிலிருந்து 60 முதல் 160 செ.மீ. உயரத்துக்குள் எல்லாப் பெயரும் அடங்கினால் சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கலாம், குழந்தையும் தொட்டுப் பார்க்கலாம். வரிசை இறந்த தேதிப்படி இருக்கட்டும். பதக்கம் பெற்றது, பெறாதது என்று பிரிக்காதீர்கள்.

சுவரின் குறை, நாயை அறியாத ஒருவர் முன்னே அது வெறும் பட்டியலாகவே நிற்கும் என்பது. ஒரு முனையில் ஒரு புடைப்புச் சிற்பமாவது வேண்டும். லண்டன் பார்க் லேனில் 2004-இல் திறந்த போர் விலங்குகள் நினைவிடத்தில் டேவிட் பேக்ஹவுஸ் வளைந்த கற்சுவரோடு வெண்கல விலங்குகளைச் சேர்த்திருப்பது இந்தக் காரணத்தாலேயே உயிரோடு இருக்கிறது.

நீர்த்தொட்டி, பூங்கா

நாய்களுக்கே பயன்படும் நினைவிடம் என்ற எண்ணம் அழகானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உலக வர்த்தக மையத்தில் இறந்த சிரியஸ் என்னும் வெடிகுண்டு மோப்ப நாயின் பெயர், அருகிலுள்ள பேட்டரி பார்க் சிட்டியில் நாய்கள் ஓடி விளையாடும் இடத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நாள்தோறும் அந்தப் பெயர் புழங்குகிறது.

நீர் வைப்பதுதான் சிக்கல். பாபியின் சிலையே மேலே மனிதருக்கும் கீழே நாய்களுக்கும் நீர் தரும் ஊற்றாகக் கட்டியதுதான். 1975 வாக்கில் சுகாதாரக் காரணத்தால் நீரை நிறுத்தித் தொட்டிகளை அடைத்துவிட்டார்கள். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும், பல நாய்கள் வாய் வைப்பதில் நோய் தொற்றும். வைப்பதானால் அழுத்தினால் மட்டும் நீர் வரும் குழாய், தானே வடியும் கிண்ணம், கிண்ணத்தின் விளிம்பு தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ., நாள்தோறும் தேய்த்துக் கழுவ ஓர் ஆள். ஆள் இல்லையென்றால் வைக்காதீர்கள். பெயர் மட்டும் சூட்டிய பூங்காவுக்கும் ஒரு பலவீனம் உண்டு: அடுத்த சீரமைப்பில் பலகையோடு பெயரும் போய்விடும். அங்கேயும் மண்ணுக்குள் வேரோடிய ஒரு கல் வேண்டும்.

எழுத்து

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் இதில் பிழைத்தால் எல்லாம் பிழை. பாரிஸ் அருகே ஆஸ்னியேர் நாய்க் கல்லறைத் தோட்டத்தின் நுழைவில் பேரி என்னும் செயின்ட் பெர்னார்ட் நாயின் சின்னம் நிற்கிறது. அது 40 பேரைக் காப்பாற்றியது, 41-ஆவது மனிதரால் கொல்லப்பட்டது என்கிறது வாசகம். உண்மையில் பேரி முதுமையில் பெர்ன் நகரில் 1814-இல் இறந்தது; அதன் உடல் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கல்லில் ஏறிய கதையை யாராலும் இறக்க முடியவில்லை. பதக்கச் சான்று, பணிப் பதிவேடு, மருத்துவக் குறிப்பு ஆகியவற்றில் இல்லாத எதையும் வெட்டாதீர்கள்.

வாசகம் 40 சொல்லுக்குள் அடங்கட்டும். பெயர், பிரிவு, என்ன செய்தது, எங்கே, எந்த நாள், கையாண்டவர் பெயர். “நன்றியின் சிகரம்”, “வாயில்லா ஜீவனின் தியாகம்” போன்றவை எந்த நாய்க்கும் பொருந்தும், ஆகவே உங்கள் நாய்க்குப் பொருந்தாது. எடுத்தனூர்க் கல் கோவிவனைப் பற்றிச் சொல்வது பெயரும் செயலும் மட்டுமே.

தமிழ் எழுத்தைக் கல்லில் வெட்டும்போது வளைவும் சுழியும் நெருங்கியிருப்பதால் 25 மி.மீ.க்குக் குறைந்த எழுத்தில் ண, ஞ, ஐ ஆகியவற்றின் உள்வெளி பெயர்ந்துவிடும். 30 மி.மீ. உயரம், 3 முதல் 4 மி.மீ. ஆழம், வெட்டுவாய் ஆங்கில வி வடிவில் இருந்தால் நிழல் விழுந்து வண்ணமில்லாமலே படிக்க வரும். வண்ணம் நிரப்பினால் சில ஆண்டில் உரிந்து அரைகுறையாக நிற்கும். புள்ளியை வட்டமாக 5 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் குடையச் சொல்லுங்கள். சிறிய புள்ளியில் அழுக்கு அடைந்து மெய்யெல்லாம் உயிர்மெய்யாகிவிடும். அதைவிட அடிக்கடி நேரும் கேடு, கணினியிலிருந்து பட்டறைக்குப் போகும் வழியில் எழுத்துரு மாறி, கொம்பும் கால்களும் இடம் பெயர்ந்து போவது. வாசகத்தை எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய கோப்பாகக் கொடுத்து, அசல் அளவில் தாளில் அச்சிட்டு, இரண்டு பேர் ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் கையெழுத்திட்ட தாளையே கல்லில் ஒட்டி வெட்டச் செய்ய வேண்டும்.

எதை யார் தேர்வது

நகராட்சியோ படைப்பிரிவோ நிரந்தரப் பொறுப்பேற்று, ஆண்டு மெழுகு வேலைக்குப் பணம் எழுதி ஒதுக்கி, காவலுள்ள இடமும் தந்து, விலங்கு உடற்கூறு அறிந்த சிற்பியும் கிடைத்தால் வெண்கலம் செய்யுங்கள். குழந்தைகள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் நாய் வேறெந்தப் பொருளிலும் கிடைக்காது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் கருங்கல். பணி நாய்ப் பிரிவின் வளாகத்துக்குள் என்றால் பெயர்ச் சுவரும் ஒரு புடைப்புக் கல்லும். மக்கள் நன்கொடையில் எழுப்பும் சின்னங்களுக்கும் கல்லே ஏற்றது. துறைமுகத்தில் தத்தளித்த 27 பேரைக் காப்பாற்றியதாகப் போற்றப்படும் ஸ்வான்சி ஜாக் என்னும் நாய்க்கு வேல்ஸின் கடற்கரைச் சாலையில் மக்கள் நிதியில் எழுந்த சின்னம் அப்படிப்பட்டது. நிதி குறைந்தால் கல்லின் உயரத்தைக் குறையுங்கள், எழுத்தின் ஆழத்தைக் குறைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் சில வரிகள் இருந்தே ஆக வேண்டும். களிமண் உருவத்தையோ கல்லின் முதல் கோட்டுருவையோ கையாண்டவர் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த தவணை. வெண்கலமானால் அச்சு யாருக்குச் சொந்தம், எத்தனை பிரதி வார்க்கலாம், உலோகக் கலவையின் விகிதம், மேல்நிறத்துக்கு எந்த வேதிப்பொருள் என்ற குறிப்பு. பின்னால் பழுது பார்ப்பவருக்கு அந்தக் குறிப்பு இல்லாமல் நிறம் பொருந்தாது. கல்லானால் அதே பாறையிலிருந்து இரண்டு அடித் துண்டு ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்தல். பிறகு, முதல் மழைக்காலம் முடிந்ததும் சிற்பியும் குழுவும் சேர்ந்து ஒரு பார்வை: பீடத்தில் வெள்ளைப் பூப்பு இருந்தால் கலவையின் வழியே நீர் ஏறுகிறது, பச்சைக் கோடு இருந்தால் மெழுகு போய்விட்டது, வயிற்றுத் துளையிலிருந்து பழுப்பு நீர் வடிந்தால் உள்ளே சாதா இரும்பு இருக்கிறது, தூக்குநூல் அரை செ.மீ. விலகினால் அடித்தளம் இறங்குகிறது. நான்கையும் அந்த ஆண்டிலேயே சிற்பியின் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.